பையன் யார்கிட்ட படிக்கான்?

எங்கள் வீட்டில் துண்டைக் காயப்போட்டால் அரை மணி நேரத்தில் காணாமல் போய்விடும். காற்று அடித்துக்கொண்டு போவதில்லை. டெக்சாஸில் நாங்கள் இருக்கும் பக்கம் ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இலைகூட அசையாது. எடுப்பவன் என் மகன் முத்துவேல். கொல்லைப்புறப் புல்தரையில் நின்றுகொண்டு, துண்டின் ஒரு நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, பந்து எறிகிற மாதிரியே கையை ஓங்கி வீசுவான். துண்டு காற்றில் பட்டென்று அறைய வேண்டும். அறைந்தால் கை சரியான வழியில் போயிருக்கிறது என்று அர்த்தமாம். காலையும் மாலையும் இந்தச் சத்தம்தான். இங்கே கடையில் கிடைக்கிற தடித்த துண்டு இதற்குச் சரிப்படாது, கனம் அதிகம். தூத்துக்குடி போகும்போதெல்லாம் நான் அரை டஜன் வாங்கிவரும் ஈரிழைத் துண்டு, வெள்ளையில் ஓரத்துக்கு ஒரு பச்சைக் கோடு போட்டது, அதுதான் வேண்டுமாம். குளித்துவிட்டுத் துவட்ட வாங்கிவந்ததை இப்படி ஆகாயத்தில் அடித்துக் கிழிக்கிறானே என்று பல நாள் கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருமுறை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, உங்கள் மதத்தில் இது என்ன சடங்கு என்று மரியாதையாகக் கேட்டாள்.

சடங்கு என்றே சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் அமெரிக்கக் கால்பந்துக்குக் கும்பிடு போடாத வீடு கிடையாது. பெயர்தான் கால்பந்து, காலால் உதைப்பது எப்போதாவதுதான். ஊரில் கடையைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி ஒவ்வொரு தடவையும் "அது ரக்பிதானக்கா?" என்று கேட்பான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பதினொரு பேரில் ஒருவன் குவாட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்கு வரும். எதிரணிக்காரர்கள் அவனைத் தரையில் சாய்க்க ஓடிவருவார்கள். இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று பார்த்து எறிந்துவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் அப்பா பலசரக்குக் கடையில் நிற்பார்; கை ஒருத்தருக்குச் சீனி பொட்டலம் கட்டும், காது இரண்டாமவரின் பட்டியலைக் கேட்கும், கண் வாசலில் நிற்கும் ஐந்தாவது ஆளைப் பார்க்கும். என் மகன் பார்ப்பது அந்த வேலைதான். அப்பாவை யாரும் கீழே தள்ளவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

அவனை இதில் இழுத்துவிட்டவர் எங்கள் வீட்டு ஏ.சி.யைப் பழுது பார்க்க வந்த டெஸ்மண்ட். என் கணவர் அங்கே தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் அலுவலகத்தில் இருந்தவர், இங்கே ஹூஸ்டன் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அன்று நான் மட்டும் வீட்டில் இருந்தேன். டெஸ்மண்ட் ஐம்பது வயதுக்காரர், ஒரு முழங்கால் சரியாக மடங்காது. வேலையை முடித்துவிட்டு நின்று, வேலியில் பந்தை எறிந்துகொண்டிருந்த பதினொரு வயதுப் பையனையே பார்த்தார். "இவனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்றார். யாருமில்லை என்றேன் பெருமையாக. "அது தெரிகிறது" என்றார். தானாகவே கற்றுக்கொண்டான் என்று பாராட்டுகிறார் போல என்று எடுத்துக்கொண்டு, ஒரு பெரிய டம்ளர் நீர்மோர் கொடுத்தேன். அவர் சொன்னது நேர் எதிர்ப்பக்கம் என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. மோரைக் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்துக்கு அனுப்புங்கள் என்றார். அவரே ஒரு காலத்தில் கல்லூரி அணியில் குவாட்டர்பேக்காக இருந்து முழங்காலோடு ஆட்டத்தையும் விட்டவர் என்று பிறகுதான் தெரிந்தது.

என் கணவருக்கு இது புதுமையாக இருந்தது. பள்ளியில் கோச் இருக்கும்போது வெளியே இன்னொரு கோச் எதற்கு என்றார். எனக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. இது ட்யூஷன்! தூத்துக்குடியில் ப்ளஸ் டூ படித்த எவளுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. காலை ஐந்தரைக்குக் கணக்கு, சாயங்காலம் இயற்பியல், நடுவில் இளைப்பாறப் பள்ளிக்கூடம். இங்கேயும் அதேதான் நடக்கிறது. குவாட்டர்பேக் பிள்ளைகளுக்கென்று தனிக் கோச்சுகள், அவர்களைத் தேடி வாராவாரம் ஐந்து மணி நேரம் கார் ஓட்டும் பெற்றோர்கள், முழங்கை எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கும் அப்பாக்கள். ஊரில் ட்யூஷன் சென்டர்காரர்கள் மார்க் வாங்கிய பிள்ளைகளின் படத்தைச் சந்திக்குச் சந்தி ஒட்டுவார்களே, இங்கே அதைப் போனில் ஒட்டுகிறார்கள். ஒரே பையன் படம் நான்கு கோச்சுகளின் இணையப் பக்கத்திலும் இருக்கும், நால்வருமே நான்தான் உருவாக்கினேன் என்பார்கள். டெஸ்மண்ட் யார் படத்தையும் போட்டதில்லை. பந்து எங்கே போய் விழுந்தது என்றுகூட அவர் பார்ப்பதில்லை, எறியும்போது பையனின் கால் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்ப்பார்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிச்சையா சார் ஞாபகம் வந்துவிடும். ஆத்தூரிலிருந்து முதல் பஸ் ஏறி வந்து, ஒரு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் எங்களுக்குக் கணக்கு எடுத்தார். கீழே உப்பு லாரிகள் வரிசையாகப் போகும். விடை சரியா தப்பா என்று அவர் பார்த்ததே கிடையாது. "விடைய நான் பாக்க மாட்டேன்ளா. பென்சில் எங்கன நிக்கின்னு பாப்பேன்" என்பார். ஆனால் அவரிடம் போவது பரம ரகசியம். ஏனென்றால் பள்ளியில் எங்களுக்குக் கணக்கு எடுத்த ஜெபராணி டீச்சரும் வீட்டில் ட்யூஷன் வைத்திருந்தார். ஒருநாள் வகுப்பில் ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கேட்டார். "ஏளா, நீ கணக்கு யார்கிட்ட படிக்க?"

"யார்கிட்டயும் இல்ல டீச்சர். நீங்க நடத்துறதே நல்லாப் புரிஞ்சிருது" என்றேன் நான்.

டீச்சர் முகம் மலர்ந்தது. உண்மையைச் சொன்ன இரண்டு பேர் கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் கணக்கைவிட ஆழமாக என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது.

முத்துவேல் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேர ஓட்டத்தில் ஒரு சின்ன ஊர், பெரிய மைதானம். வேல் என்றுதான் அங்கே கூப்பிடுகிறார்கள். முதல் வருஷம் முழுக்க ஓரத்தில் நின்று பார்த்தான். இந்த வருஷம் அவனுக்கும் ஜேக்கப் என்கிற இன்னொரு பையனுக்கும் போட்டி. இருவரில் யார் முதல் ஆளாக இறங்குவது என்பதைக் குவாட்டர்பேக்குகளுக்கான கல்லூரிக் கோச் வெண்டல் முடிவு செய்வார். கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்தவனை டெஸ்மண்ட் ஆறு வாரம் வைத்து வாட்டி எடுத்தார். எறியும்போது அவன் இடது கால் கொஞ்சம் வெளியே போய் விழுமாம், அதனால் பந்து தாமதமாகிறதாம். அந்த ஒரு கால் ஒரு சாண் உள்ளே வந்து விழுவதற்கு ஆறு வாரமும் மூன்று துண்டுகளும் ஆயின. ஆனால் வந்து விழுந்தது. எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் நடுவில் கல்லூரியில் குடும்பத்தாரை அழைத்து ஒரு மதிய விருந்து வைத்தார்கள். எல்லாப் பையன்களின் அம்மா அப்பாக்களும் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தம்பி தூத்துக்குடியிலிருந்து அனுப்பிய முந்திரி மக்ரூன் டப்பாவோடு போயிருந்தேன். வெண்டல் எங்கள் பக்கம் வந்தார். உயரமான, அதிகம் சிரிக்காத மனிதர். மக்ரூன் ஒன்றை எடுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: "கோடையில் வேல் யாரிடம் பயிற்சி எடுத்தான்?"

சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. "யாரிடமும் இல்லை கோச். எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சரி என்றார். மக்ரூன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனார். அவருக்குப் பெரிய மரியாதை செய்துவிட்ட திருப்தியில் நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் முத்துவேல் போன் செய்தான். குரல் சரியில்லை. "எம்மா, கோச்சுகிட்ட நீ என்ன சொன்ன?"

சொன்னேன்.

"நான் போன வாரமே டெஸ்மண்ட் பேரைச் சொல்லிட்டேம்மா. டெஸ்மண்ட் நம்பர் கேக்கதுக்குத்தான் கோச் உங்கிட்ட வந்திருக்காரு. இப்ப என்னைக் கூப்பிட்டு, உங்கம்மா ஒண்ணு சொல்லுதாங்க நீ ஒண்ணு சொல்லுத, எது நிஜம்னு கேட்டாரு. ஒன்னைய விட்டுக்குடுக்கவும் முடியல. பேசாம நின்னேன்."

"நின்னா என்ன செய்வாக?"

"குவாட்டர்பேக் ஒண்ணு சொன்னா பத்து பேரு நம்பி ஓடணும்மா. பேச்சுல சந்தேகம் வந்த ஆள எப்படி உள்ள எறக்குவாரு?" என்று வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை முதல் ஆளின் பெயரைச் சொல்லப்போகிறார்கள். அன்று செவ்வாய்.

என் கணவரிடம் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஏளா, முப்பது வருசம் ஆகப்போவுது, நீ இன்னும் அந்த டீச்சர் கிளாஸ்லயே எந்திரிச்சு நிக்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார்.

அதைவிட வேறொன்று என்னை அறுத்தது. எட்டு வருஷம். பாதிச் சனிக்கிழமைகள் வேகாத வெயில், மீதி மழை. அந்த மடங்காத முழங்காலோடு என் பிள்ளைக்காக நின்ற மனிதரை, ஒரு வாய் மக்ரூனுக்குள் 'யாருமில்லை' ஆக்கிவிட்டேன். இது எனக்கு முதல் தடவையும் அல்ல. ப்ளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கினேன். பத்திரிகைக்காரர் பள்ளிக்கு வந்து கேட்டபோது, டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாம் எங்கள் ஜெபராணி டீச்சரால்தான் என்றேன். அச்சில் வந்தது. சாயங்காலம் அம்மா அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக்கொடுத்து, பிச்சையா சாரைப் பார்த்துக் காலில் விழுந்துவிட்டு வா என்று அனுப்பினாள். தெருமுனை வரை போனேன். அங்கே பஸ்ஸுக்கு ஜெபராணி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அப்படியே திரும்பிவிட்டேன். அந்த மக்ரூனை வீட்டில் நாங்களே தின்றோம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று சொல்லியே கல்லூரி, கல்யாணம், விமானம் எல்லாம் வந்துவிட்டன. சார் பேப்பர் படிக்கிறவர். அவர் ஒன்றும் சொன்னதாக யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை டெஸ்மண்ட் வீட்டு வாசலில் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் கையில் ஏதோ ஏ.சி. பாகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்னை இதைவிட மோசமாகவெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். பிறகு, "எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் பையனுடைய பேச்சு பொய் என்று நிற்கக் கூடாது. நாளைக்கு எனக்கு வேலை குறைவு. வண்டியில் வருகிறீர்களா?" என்றார்.

அப்படித்தான் வியாழக்கிழமை, பின்னால் செப்புக் குழாய்கள் கடகடவென்று ஆட, ஏ.சி. பழுது பார்க்கும் வண்டியின் முன் சீட்டில் நான்கு மணி நேரம் போனேன். மடியில் மக்ரூன் டப்பா. நம் ஊரில் ஒருத்தரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போவோமா? பயிற்சி முடிந்து வெண்டல் மைதான வாசலுக்கு வந்தார். என்னையும் டப்பாவையும் பார்த்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். யார் இறங்குவது என்பதைப் பற்றி அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை, மன்னியுங்கள் என்றார். என் பிள்ளைக்கு இடம் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அதற்கு வரவில்லை கோச். நான் உங்களிடம் பொய் சொன்னேன். வேல் சொன்னதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். தூத்துக்குடி, ட்யூஷன், கடைசி பெஞ்சு எல்லாவற்றையும் என் இங்கிலீஷில் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒருத்தரிடம் படிக்கும் பிள்ளை இன்னொருத்தரிடமும் படிக்கிறது என்றால் முதல் ஆளைக் குறைத்துச் சொன்ன மாதிரி எங்கள் பக்கம், உங்களுக்கு மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று முடித்தேன்.

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "அந்த இடது காலைச் சரிசெய்ய நான் போன வருஷம் முழுக்க முயற்சி செய்தேன். முடியவில்லை. ஆறு வாரத்தில் ஒருவர் செய்திருக்கிறார். அது எப்படி என்று அவரிடமே கேட்க நம்பர் வாங்கத்தான் அன்று உங்களிடம் வந்தேன்."

என் பின்னால் நின்ற டெஸ்மண்டைக் காட்டினேன். "இவர்தான் கோச். எட்டு வருஷமாக இவர்தான்." அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்தபோது என் நெஞ்சு லேசானதை அப்படியே சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு என்னை இருவருமே மறந்துவிட்டார்கள். ஒருவர் காலைத் தூக்கி வைக்கிறார், இன்னொருவர் குனிந்து பார்க்கிறார், பந்தே இல்லாமல் இரண்டு பெரிய மனிதர்கள் மாறி மாறி எறிகிறார்கள். முத்துவேல் தூரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் சாய்கிறவரை நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளம்பும்போது இருவரும் ஆளுக்கு ஒரு பிடி அள்ளினார்கள்.

வெள்ளிக்கிழமை ஜேக்கப்பின் பெயரைத்தான் சொன்னார்கள். என் மகன் இரண்டாவது ஆள். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று எழுத மாட்டேன். ஒரு பொய்யைத் திருப்பி எடுத்ததற்கெல்லாம் யாரும் இடம் கொடுப்பதில்லை. ஆனால் அன்று பேசும்போது முத்துவேலின் குரல் சரியாகிவிட்டிருந்தது. "எம்மா, ஒரு துண்டு அனுப்பு. இடுப்புல தொங்கவிடணும், கை தொடைக்க. கோடு கீடு இருக்கக் கூடாது, முழு வெள்ளையா இருக்கணும்னு ரூல். பச்சைய வெட்டிரு." கத்தரிக்கோலை எடுத்து இரண்டு ஓரத்துப் பச்சையையும் வெட்டினேன். வெட்டிய துணியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆட்டத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம், என் ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் டெஸ்மண்ட். ஆட்டம் பாதி தாண்டியும் எங்கள் பக்கம் ஒன்றும் நகரவில்லை. அப்போது ஓரத்தில் வெண்டல் என் மகனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவன் மைதானத்தின் இடது பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னான். வெண்டல் திரும்ப ஒரு வார்த்தை கேட்டார். அவன் ஒரு வார்த்தை சொன்னான். அவர் தலையை ஆட்டினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முத்துவேல் உள்ளே ஓடினான், இடுப்பில் அந்த வெள்ளைத் துணி ஆடியது. இடது பக்கத்து எதிரணி ஆள் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே ஓடிவருகிறான், அவன் முதுகுக்குப் பின்னால் எறியலாம் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அங்கேதான் எறிந்தான். பிடித்தவன் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடினான், எங்களுக்குப் புள்ளி விழுந்தது. டெஸ்மண்ட் எப்போதும்போல் பந்தைப் பார்க்கவில்லை. "கால்" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. கீழே வெண்டல் எங்கள் வரிசையைத் தேடிப் பார்த்து, தன் இடது காலைத் தட்டிக் காட்டிவிட்டு டெஸ்மண்டை நோக்கி விரல் நீட்டினார். ஜெயித்தோமா என்றால், இல்லை, மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் என் பிள்ளை சொன்னதை ஒருவர் நம்பினார். அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. சனிக்கிழமை மாலை மணி ஏழு, வெயில் இன்னும் இருந்தது. தூத்துக்குடியில் ஞாயிறு விடியற்காலை ஐந்தரை. தம்பி மகள் இப்போது பிச்சையா சாரிடம்தான் கணக்குப் படிக்கிறாள், அவளிடம் வாங்கிய சாருடைய நம்பரை ஒரு வாரமாக வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தேன். அழுத்தினேன். பின்னால் பிள்ளைகள் சத்தம், தூரத்தில் லாரி சத்தம். என் பெயரையும் அப்பா கடையையும் சொன்னேன்.

"சார், நான் கணக்கு ஒங்ககிட்டதான் படிச்சேன்."

"அது எனக்குத் தெரியாதாளா?" என்றார். வயதான குரல், அதே நிதானம். "பேட்ச் நடக்கு. நல்லா இருக்கியா? ஒனக்குப் பிள்ளைய உண்டா?"

"ஒரு பையன் சார். இங்கன பந்து எறியுதான்."

"அப்படியா. பையன் யார்கிட்ட படிக்கான்?"

கைப்பைக்குள் பச்சைக் கோட்டுத் துணி இரண்டும் என் விரலில் சுற்றியிருந்தன. கீழே காலியான மைதானத்தில் அதன் மீதி வெள்ளையை இடுப்பில் தொங்கவிட்டபடி என் மகன் எங்களைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெஸ்மண்டுன்னு ஒரு அண்ணாச்சி, சார். வெண்டல்னு இன்னொருத்தவுக. ரெண்டு பேர்ட்டயும் படிக்கான்" என்றேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.